இளவேனிலும் தூண்டிலும்: செசப்பீக்கு விரிகுடாவின் மீன்வரவு

மீன்பிடித்தல் இருவகைப்படும். உணவும் ஊதியமும் கருதிப் பிடித்தல் ஒன்று. ஓய்வும் உவகையும் கருதித் தூண்டிலிடுதல் மற்றொன்று. பின்னது பொழுதுபோக்கே யாயினும் அறிவு வேண்டாத தொன்றன்று. நீரின் வெப்பமும் உவர்ப்பும், திங்களின் நிலையும் காற்றின் திசையும், தொலைவிலுள்ள மலைநாட்டில் உருகிய பனியின் அளவும் ஆகிய இவற்றையெல்லாம் அறிந்தவனுக்கே தூண்டில் பயன்தரும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்க்கரையிலுள்ள செசப்பீக்கு விரிகுடா. அங்கே இளவேனிற் காலம் தூண்டிற்காரர்க்கு நற்பொழுது. அதே காலம் மீன்களுக்கு இனம்பெருக்கும் பொழுது. இவ்விரண்டும் ஒருங்கே வந்து பொருந்துவதனாலேயே அவ்விரிகுடாவின் இன்பமும் இடரும் பிறக்கின்றன.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றின்வழித் தோன்றும் உயிர் முதலியன கருப்பொருள் என்றும் தமிழ் இலக்கண நூலார் வகுத்தனர். அம்முறை பற்றி முதலில் நிலத்தையும், அடுத்துப் பொழுதையும், அவற்றின்பின் மீன்களையும் நோக்குதல் விளக்கத்துக்குத் துணைசெய்யும்.

நிலம்

செசப்பீக்கு விரிகுடா வடக்குத் தெற்காக ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் வடபாகம் மேரிலாந்து மாநிலத்தையும் தென்பாகம் வேர்ஜீனியா மாநிலத்தையும் சார்ந்தவை. பரப்பிற் பெரிதாயினும் ஆழத்திற் சிறிது. வற்றுப்பெருக்கு ஏறும் கிளையாறுகளையுஞ் சேர்த்துக் கணித்தால் சராசரி ஆழம் ஆறரை மீற்றர் அளவினதே. இதற்குக் காரணம் அது தோன்றிய வரலாறு. கடந்த பனிக்கட்டிக் காலத்தில் கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்தபோது, சசுக்குவெகன்னா என்னும் பேராறு அங்கே ஒரு பள்ளத்தாக்கை அகழ்ந்து ஓடிற்று. பின்னர்ப் பனி உருகிக் கடல் உயர்ந்தபோது அப்பள்ளத்தாக்கு மூழ்கியது. மூழ்கிய அந்த ஆற்றுப்பள்ளத்தாக்கே இன்றைய விரிகுடா. பழைய ஆற்றின் படுகை ஆழ்ந்த வாய்க்காலாக நடுவே இன்றும் கிடக்கின்றது. அதன் இருமருங்கும் பரவைநீர் விரிந்துள்ளது. குளிர்காலத்தில் மீன்கள் அவ்வாழத்தில் ஒடுங்குவதும், வெயில் ஏறியதும் விரைந்து சூடேறும் கரையோர நீரை நாடுவதும் இவ்வமைப்பினால் விளைவனவாம்.

ஆறு மாநிலங்களின் பகுதிகளிலும் வாசிங்டன் தலைநகரிலும் விழும் மழை இவ்விரிகுடாவையே வந்தடைகின்றது. நீரேந்தும் அப்பரப்பு ஏறத்தாழ 1,66,000 சதுரக் கிலோமீற்றர். விரிகுடாவில் வந்து சேரும் நன்னீரிற் பாதியளவைச் சசுக்குவெகன்னா ஆறு ஒன்றே தருகின்றது. பொத்தோமக்கு, இரப்பகனக்கு, யோர்க்கு, சேம்சு என்பன ஏனைய பெரிய ஆறுகள். ஆதலின் விரிகுடாவின் தலைப்பகுதி நன்னீராகவும், வாயிற்பகுதி ஏறத்தாழக் கடல்நீராகவும், இடைப்பகுதி படிப்படியாக உவர்ப்பேறியதாகவும் அமைந்துள்ளது. இத்தகைய நீர்நிலையையே புவியியலார் பொங்குமுகம் என்பர். நன்னீர் இலேசானது, அது மேலே கடலை நோக்கி ஓடும். உவர்நீர் கனமானது, அது அடியில் உள்நோக்கி ஊர்ந்துவரும். இவ்விரு நீரும் சந்திக்கும் இடத்திலே அடையலும் நுண்ணுயிர்களும் செறிந்து நீர் கலங்கி நிற்கும். காண்பதற்கு அழுக்காகத் தோன்றும் அவ்விடமே மீன்குஞ்சுகளுக்குத் தாய்மடி போன்றது.

ஆறுகளில் வற்றுப்பெருக்கு எவ்வளவு தொலைவு ஏறும் என்பதற்கும் ஓர் எல்லையுண்டு. மேற்கேயுள்ள கடும்பாறை நிலம் முடிந்து கரையோரத் தாழ்நிலம் தொடங்கும் கோட்டில் ஆறுகள் பாறைகளின்மீது வீழ்ந்து பாய்கின்றன. அதற்கு மேல் கடலின் ஏற்றம் செல்லாது, கப்பலும் செல்லாது. இரிச்சுமண்டு, பிரெடரிக்சுபேக்கு, வாசிங்டன் ஆகிய நகரங்கள் அக்கோட்டில் எழுந்தமைக்கு இதுவே காரணம். கடலிலிருந்து ஏறிவரும் மீன்கள் பல இக்கோட்டின் அடியிலே திரளும். எனவே தூண்டிற்காரரும் இளவேனிலில் அங்கே திரளுவர்.

வற்றும் பெருக்கும்

கடலேற்றம் விரிகுடாவின் வாயில் வழியாகப் புகுந்து தலைப்பகுதியை அடைவதற்கு ஏறத்தாழ அரைநாள் செல்கின்றது. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே 12 மணியும் 25 நிமிடமும் கழிகின்றன. ஆதலின் தெற்கே வாயிலில் பெருக்காய் இருக்கும் வேளையில் நடுப்பகுதியில் வற்றாக இருக்கும். ஒரே விரிகுடாவில் ஓர் ஊரின் நேரக்கணக்கு மற்றோர் ஊருக்கு உதவாது என்பது இதனாற் பெறப்படும். ஒவ்வொரு நாளும் பெருக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துவதால், நேற்று வாய்த்த நேரம் இன்றைக்கும் வாய்க்கும் எனக் கருதுவதும் தவறாகும்.

ஏற்றத்தின் அளவும் இடந்தோறும் வேறுபடும். வாயிலில் அது ஏறத்தாழ முக்கால் மீற்றருக்குச் சற்று மேல். நடுப்பகுதியிலுள்ள அன்னாப்பொலிசு நகரருகே ஏறத்தாழ 30 சதமமீற்றர் மட்டுமே. ஆனால் பொத்தோமக்கு ஆற்றில் 160 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே சென்று வாசிங்டனில் அளந்தால் மீண்டும் முக்கால் மீற்றருக்கு மேற்படுகின்றது. ஆறு உள்நோக்கி ஒடுங்குவதனால் ஏற்றம் உயர்வதே இதற்குக் காரணம். அமாவாசையிலும் பறுவத்திலும் ஏற்றமும் வற்றும் மிகும். இடைப்பட்ட நாட்களிற் குறையும்.

தூண்டிற்காரன் கருதுவது நீரின் உயரத்தையன்று, அதன் ஓட்டத்தையே. நீர் ஓடும்போது சிறுமீனும் இறாலும் அதனோடு அடித்துச் செல்லப்படும். பெருமீன்கள் நிலமுனைகளின் பின்னும், பாலத்தூண்களின் நிழலிலும், மணற்றிடரின் விளிம்பிலும் நின்று வருவதை உண்ணும். ஓட்டம் நின்ற இடைவேளையிலே இரை தொடுவது அரிது. இளவேனிலுக்கே உரிய வேறொரு நுட்பமும் உண்டு. பகல் வெயிலிற் சூடேறிய பரவைநீர் பிற்பகல் வற்றின்போது ஓடைவாய்களின் வழியாக வெளியேறும். அவ்வெதுவெதுப்பை நாடி மீன்கள் அவ்வாய்களிற் கூடும். ஆதலாற் பிற்பகலில் வற்று வாய்க்கும் நாட்களை அனுபவமுடையோர் தேர்ந்துகொள்வர்.

காற்று இக்கணக்கையெல்லாம் மாற்றவல்லது. குளிர்வாடை கடந்தபின் வடமேற்குக் காற்று வலுத்து வீசுமாயின் நீர் கடலுக்குத் தள்ளப்படும், எதிர்பார்த்த பெருக்கு வாராது, படகுகள் தரைதட்டும். ஓட்டத்துக்கு எதிராகக் காற்று வீசும்போது, ஆழங்குறைந்த அந்நீரிற் குறுகிய செங்குத்தான அலைகள் எழுந்து சிறுபடகைத் தாக்கும். ஏப்பிரில் மாதத்து வெயில் இனிதாக இருப்பினும், நீர் இன்னுங் குளிர்ந்தே இருக்கும். அந்நீரில் தவறி வீழ்ந்தவன் திடீரென மூச்சுத் திணறுவான். கைகால்கள் விரைவில் வலியிழக்கும். நீச்சல் வல்லவனுக்கும் உயிர்காப்பு மேலங்கி இன்றியமையாதது என்பதற்கு இதுவே காரணம்.

பொழுது

குளிர்காலம் முடிந்து மலைநாட்டுப் பனி உருகும்போதும், இளவேனில் மழை பொழியும்போதும் ஆறுகள் பெருக்கெடுக்கும். சசுக்குவெகன்னா ஆற்றில், அதன் வாயிலிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீற்றர் மேலே, 1928இல் கட்டி முடிக்கப்பட்ட கொனோவிங்கோ அணை உள்ளது. வெள்ளம் மிகுந்தால் அதன் கதவுகள் திறக்கப்படும்; மரங்களும் கட்டைகளும் மிதந்துவரும்; விரிகுடாவின் மேற்பகுதி மண்ணிறமாகும். அந்நாட்களிற் படகோட்டுதல் இடரானது. கலங்கிய நீரிற் கண்ணால் இரைதேடும் மீன்கள் தூண்டிலைக் காண்பதும் அரிது. அத்தருணத்தில் மணமுள்ள இரையை இடுவாரும், தெளிந்த கிளையாறுகளை நாடுவாரும் பயன்பெறுவர்.

இன்று ஆற்றின் ஓட்டத்தைப் புவியியல் அளவைத் திணைக்களத்தின் அளவுநிலையங்கள் கணித்துக் கூறுகின்றன. விரிகுடாவின் வெப்பநிலை, உவர்ப்பு, காற்று, அலை ஆகியவற்றை அறிவிக்கும் மிதவைகள் 2007 முதல் அமைக்கப்பட்டன. எனினும், பழைய மக்கள் மரஞ்செடிகளை நோக்கியே பருவத்தை அறிந்தனர். ஆற்றங்கரைகளில் வெண்பூப் பூக்கும் ஒரு சிறுமரத்துக்குச் சாட்டு மீனின் பெயரையே இட்டு, அது பூக்குங்காலம் அம்மீன் வருங்காலம் எனக் கொண்டனர். இது வெறும் நம்பிக்கையன்று. பூவையும் மீனையும் இயக்குவது ஒரே வெப்பமே.

மீன்கள் வரும் முறை

வெப்பநிலை ஏறும் படிகளே மீன்வரவின் படிகளுமாகும். பெப்புருவரி இறுதியிலும் மார்ச்சிலும், நீர் ஏழெட்டுப் பாகை செல்சியசை எட்டியதும், மஞ்சட் பேர்ச்சு என்னும் சிறுமீன் ஓடைகளில் ஏறி, மடிப்புமடிப்பான நாடாப்போன்ற முட்டைச்சரத்தைக் கிளைகளிற் சுற்றிவிடும். அதன்பின் வெண்பேர்ச்சு வரும். இவையிரண்டும் சிறுவர்க்கும் கரையில் நின்று தூண்டிலிடுவோர்க்கும் எளிதில் அகப்படுவன.

ஏப்பிரிலில் சாட்டு மீனும் ஆற்றுச்சாளைகளும் கடலிலிருந்து வருகின்றன. சாட்டு, நம்மவர் உல்லம் என அழைக்கும் மீனுக்கு உறவானது. கடலில் வாழ்ந்து, முட்டையிடுவதற்காக மட்டும் தான் பிறந்த ஆற்றுக்கு மீளும் இயல்பினது. அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவராகிய யோர்ச்சு வாசிங்டன் தமது மவுண்டு வேணன் பண்ணையில், பொத்தோமக்கு ஆற்றிலே இளவேனில்தோறும் வலையிட்டுச் சாட்டையும் சாளையையும் பெருந்தொகையாகப் பிடிப்பித்து வணிகஞ் செய்தார். அவர்க்கு முன்னர் 1608இல் இவ்விரிகுடாவை ஆராய்ந்த யோன் சிமித்து என்பார், மீன்கள் நீர்ப்பரப்பில் நெருங்கிக் கிடந்தமையால், வலையில்லாத தம் கூட்டத்தார் பொரிக்கும் சட்டியாலே அவற்றை அள்ள முயன்றதாக எழுதிவைத்தார். அவ்வளவு மிகுதி இன்று இல்லை. அணைகள் வழியை மறித்தன; மிகைப்பிடிப்பும் மாசும் எஞ்சியதைக் குறைத்தன. மேரிலாந்தில் 1980இல் சாட்டு பிடித்தல் தடைசெய்யப்பட்டது. கொனோவிங்கோ அணையில் 1972இலும் 1991இலும் மீன்களை மேலேற்றும் பொறிகள் அமைக்கப்பட்டன. இரப்பகனக்கு ஆற்றின் எம்பிரி அணை 2004இல் உடைக்கப்பட்டு மீன்களுக்கு வழி திறக்கப்பட்டது.

இவையனைத்துக்கும் தலைமையானது வரிமீன். வெள்ளியுடலின் இருமருங்கும் ஏழெட்டுக் கருவரிகள் நீளவாக்கில் ஓடுவதால் அஃது அப்பெயர்க்கு உரித்தாயிற்று. மேரிலாந்து மக்கள் அதனைப் பாறைமீன் என்பர். அத்திலாந்திக்குக் கரையிற் பிறக்கும் வரிமீன்களிற் பெரும்பகுதிக்கு இவ்விரிகுடாவின் ஆறுகளே பிறப்பிடம். நீர் 14 பாகையைத் தாண்டும்போது, ஏப்பிரில் முதலாகப் பெரிய தாய்மீன்கள் ஆறுகளின் நன்னீர்ப் பகுதிக்கு ஏறும். ஒரு பெருந்தாய் பல இலட்சம் முட்டைகளை இடும். முட்டை பொரிக்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் வேண்டும். அதுகாறும் அஃது அடியில் வீழ்ந்து சேற்றிற் புதையாமல் நீரோட்டத்தில் மிதந்துகொண்டிருத்தல் வேண்டும். தூண்டிற்காரன் விரும்பும் அதே ஓட்டம் முட்டைக்கும் உயிர்நாடி. பொரித்த குஞ்சு முற்கூறிய கலங்கல்நீரை அடைந்து, அங்கே செறிந்த நுண்ணுயிர்களை உண்டு வளரும். குளிர்ந்து மழைமிக்க இளவேனில் குஞ்சுகளுக்கு நன்மை தரும். குளிர்காலம் வெப்பமாகவும் ஆறு வறண்டும் போகுமாயின், குஞ்சு பிறக்கும் வேளையும் இரை செறியும் வேளையும் பொருந்தாமல் அவற்றுட் பல மடியும்.

மேமாதத்தில் நீர் மேலும் சூடேற, தாய்மீன்கள் கடலுக்குத் திரும்பும். தெற்கே வாயிற்பகுதியிற் கருமையான பெரிய டிரம் மீன்கள் தோன்றும். இளவேனில் அத்துடன் முடிந்து கோடைமீன்களின் காலம் தொடங்கும்.

வந்தேறிகள்

புறத்தேயிருந்து கொணரப்பட்ட மீன்கள் இரண்டும் இங்குக் குறிப்பிடத்தக்கன. ஒன்று நீலக்கெளிறு. வேர்ஜீனியாவின் ஆறுகளில் 1970களிலும் 1980களிலும் தூண்டில் விளையாட்டின் பொருட்டே இது விடப்பட்டது. இன்று விரிகுடாவெங்கும் பரவி ஏனைய மீன்களை உண்கின்றது. மற்றொன்று வடநாட்டு விரால். ஈழத்துக் குளங்களில் வாழும் விராலுக்கு நெருங்கிய உறவான இது சீனம், கொரியா முதலிய நாடுகளுக்கு உரியது. 2002இல் மேரிலாந்தின் குளம் ஒன்றிலும், 2004இல் பொத்தோமக்கு ஆற்றிலும் காணப்பட்டது. நம் நாட்டில் விரும்பி உண்ணப்படும் ஓரினத்தின் உறவு, தனக்குரியதல்லாத நீரிற் புகுந்தபோது அச்சந்தரும் பகையாயிற்று. இவ்விரண்டையும் பிடித்தவர் திரும்ப விடாது உணவாக்குதல் வேண்டுமென அரசினர் ஊக்குவிக்கின்றனர். மனம்போல மீனைப் பிடித்து இயற்கைக்கும் உதவ விரும்புவோர்க்கு இவை தக்க இலக்காகும்.

வீழ்ச்சியும் மீட்சியும்

வரிமீனின் வரலாறு எச்சரிக்கையும் நம்பிக்கையும் ஒருங்கே தருவது. அத்திலாந்திக்குக் கரையில் வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்ட வரிமீன் 1973இல் 147 இலட்சம் இறாத்தல். 1983இல் 17 இலட்சம் இறாத்தல் மட்டுமே. மிகைப்பிடிப்பும் நீர்க்கேடும் இதற்குக் காரணங்களாயின. 1984இல் அமெரிக்கப் பாராளுமன்றம் வரிமீன் காப்புச் சட்டத்தை இயற்றிற்று. 1985இல் மேரிலாந்தும், 1989இல் வேர்ஜீனியாவும் அம்மீனைப் பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தன. 1982இற் பிறந்த குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும்வரை அவற்றைக் காத்தலே அன்றைய நோக்கம். 1990இல் சிறிதளவு பிடிக்க இடமளிக்கப்பட்டது. 1995இல் இனம் மீண்டுவிட்டதென அறிவிக்கப்பட்டது. விலகி நின்ற ஐந்தாண்டுகள் வீண்போகவில்லை.

ஆனால் அம்மீட்சி நிலைக்கவில்லை. மேரிலாந்து மாநிலம் 1954 முதல் ஆண்டுதோறும் கோடையில் குறித்த இடங்களிற் கரைவலை இழுத்து, ஓர் இழுப்புக்கு எத்தனை இளங்குஞ்சு என எண்ணி வருகின்றது. நெடுங்காலச் சராசரி ஏறத்தாழ 11. 1996இல் அது 59 ஆக உயர்ந்தது. 2023இலோ 1 ஆகத் தாழ்ந்தது. 2019 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் சராசரிக்குக் கீழேயே நின்றன. அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்ட இனம் என 2019இல் அஃது அறிவிக்கப்பட்டது. வேர்ஜீனியா 2019இலும், மேரிலாந்து 2024இலும் இளவேனிலிற் பெருமீன் பிடிக்கும் பருவத்தை நீக்கின. பெருமீன் எனப் பரிசுக்குரியதாகக் கொள்ளப்பட்டது பெரும்பாலும் முட்டையிட வந்த தாயே என்பதை எண்ணின் இம்முடிவின் தேவை விளங்கும்.

பிடித்ததை உடனே விட்டுவிடுவதாற் கேடில்லை எனச் சிலர் கருதலாம். அக்கருத்து முழுவதும் பொருந்தாது. தூண்டிலிற் பிடித்து விடப்படும் வரிமீன்கள் நூற்றுள் ஒன்பது பின்னர் மடியும் என மீன்வள அறிஞர் கணக்கிடுவர். நூற்றுள் ஒன்பது சிறிதெனத் தோன்றலாம். விடப்படும் மீன்கள் பல இலட்சமாதலின், சில ஆண்டுகளில் மனிதராற் சாகும் வரிமீன்களில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு மடிந்தவையே. நீர் சூடேற ஏற ஒட்சிசன் குறைந்து இச்சாவு மிகும். நன்னீரில் அஃது இன்னும் மிகும். முனை உள்நோக்கி வளைந்த வட்டத்தூண்டில் மீனின் வாய்மூலையிலேயே தைப்பது; குடலிற் தைப்பது அரிது. ஆதலின் இயற்கையிரையிட்டு வரிமீன் பிடிப்போர் அதனையே பயன்படுத்த வேண்டுமென அத்திலாந்திக்குக் கரை மாநிலங்களில் 2021இல் விதி வந்தது. மீனை நீரைவிட்டு நெடுநேரம் தூக்காமையும், நனைந்த கையாலே தொடுதலும், வெயில் மிக்க நாளில் தூண்டிலை மடித்துவைத்தலும் அதனோடு சேர்த்து எண்ணத்தக்க ஒழுக்கங்களாம்.

முடிவுரை

செசப்பீக்கு விரிகுடாவின் இளவேனில் காட்டும் உண்மை ஒன்றுண்டு. நீரின் வெப்பம், ஓட்டம், உவர்ப்பு, கலக்கம் ஆகியவற்றை நுணுகி அறிபவன் மீன் எங்கே, எப்போது நிற்கும் என்பதை அறிகின்றான். அவ்வறிவே அம்மீன் ஏன் அங்கு வந்தது என்பதையும் அவனுக்கு உணர்த்துகின்றது. முன்னதை மட்டும் கொள்பவன் தூண்டிலில் வல்லவன். பின்னதையும் கொள்பவன் தூண்டிலை இடவும் இடாது விடவும் வல்லவன். 1985 முதல் ஐந்தாண்டுகள் விலகி நின்றதனாலேயே ஒரு தலைமுறை மீண்டும் அம்மீனைக் கண்டது. இன்று பிறக்கும் குஞ்சுகள் தாயாகி அவ்வாறுகளுக்கு மீள ஆறு ஆண்டுகளேனும் செல்லும். அவ்வளவு காலம் பொறுத்திருக்க இன்றைய தூண்டிற்காரர் இசைவாராயின், யோன் சிமித்துக் கண்ட பெருக்கம் மீளாவிடினும், பூமரம் பூக்கும்போது மீனும் வரும் என்ற பழைய சொல்லேனும் பொய்யாகாது நிற்கும்.